எங்கள் வீட்டுச் சத்தம்

நாலாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். பிழையில்லாமல் நாலு வரி எழுதத் தெரிந்தவர்கள் ஒன்பது பேர். மற்றவர்களுக்குப் பேச வரும், எழுத வராது. கலைவாணி வகுப்புக்கு ஒரு வலைப்பூ தொடங்கியதற்கு அதுதான் காரணம்.

ஆசிரியர்களுக்கான இரண்டு நாள் பயிற்சியில் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளை பேசினால் போதும், டேப்லெட் கேட்டு எழுதிக்கொள்ளும். கீழே ஒரு பொத்தானை அழுத்தினால் உலகத்துக்கே தெரியும். மற்ற ஆசிரியர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிவிட்டார்கள். கலைவாணி தூங்கவில்லை. அவள் தற்காலிக ஆசிரியை. ஏப்ரலுக்குப் பிறகு இருப்பாளா மாட்டாளா என்பது தலைமை ஆசிரியை எழுதும் ஒரு கடிதத்தில் இருந்தது.

பிள்ளையார்பாளையத்தில் இருந்த அந்தத் தொடக்கப் பள்ளிக்குக் கமலவேணி தலைமை ஆசிரியை. பள்ளியின் டேப்லெட் அவருடைய பீரோவில் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

"பசங்க கையில குடுக்காதம்மா. நீ புடிச்சிக்கோ, அதுங்க பேசட்டும். உடைஞ்சா நான்தான் பதில் சொல்லணும்" என்று சொல்லி எடுத்துக் கொடுத்தார்.

முதல் நாள் கலைவாணி கரும்பலகையில் 'வலைப்பூ' என்று எழுதினாள்.

"இன்னா பூ மிஸ்? மல்லியா?"

"பூ இல்லடா. இன்டர்நெட்ல நாம எழுதப்போற நோட்டு."

"யாரு மிஸ் படிப்பா?"

"எல்லாரும் படிப்பாங்க."

"கலெக்டரு?"

"படிப்பாரு."

மூன்றாவது வரிசையிலிருந்து அபி எழுந்தாள். வகுப்பில் வாயே திறக்காத பெண். "போலீஸு படிப்பாங்களா மிஸ்?"

வகுப்பு சிரித்தது. "நீ இன்னாடி திருடுன?" என்றான் ஒருவன். அபி உட்கார்ந்துவிட்டாள். கலைவாணியும் சிரித்துக்கொண்டே, "போலீஸும் படிப்பாங்க" என்றாள்.

முதல் தலைப்பு 'எங்கள் வீட்டுச் சத்தம்'. அந்தத் தெருக்களில் தறிச் சத்தம் இல்லாத வீடு குறைவு. பிள்ளைகளுக்குத் தெரிந்ததைப் பேசட்டும் என்று கலைவாணியே யோசித்து வைத்த தலைப்பு. சுகாசினி முதலில் பேசினாள். நெசவாளர் சிவராஜின் மகள், வாயாடி.

"காலைல அப்பா தறில உக்காந்துடுவாரு. பண்ணைய அடிக்கிற சத்தத்துலதான் நான் எழுந்துப்பேன். வுடாம அடிச்சிக்கினே இருப்பாரு. அம்மா போதும் வாங்கன்னு கத்துனாதான் நிறுத்துவாரு."

பண்ணை என்பது தறியில் சீப்பு மாதிரி இருக்கும் சட்டம். குறுக்கே ஓடிய ஒவ்வொரு இழையையும் அதால்தான் அடித்து நெருக்குவார்கள். காஞ்சிபுரத்தில் தறி வீட்டுப் பிள்ளைக்கு நடக்கும் முன்பே தெரியும் சொல் அது. டேப்லெட்டுக்குத் தெரியவில்லை. அதற்குத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொண்டது. 'பண்ணைய' என்பது 'என்னைய' ஆனது.

மணி அடித்துவிட்டதால் கலைவாணி படித்துப் பார்க்காமல் வெளியிட்டாள். என்னைய அடிக்கிற சத்தத்துலதான் நான் எழுந்துப்பேன். வுடாம அடிச்சிக்கினே இருப்பாரு. அம்மா போதும் வாங்கன்னு கத்துனாதான் நிறுத்துவாரு.

எந்த ஊரிலோ யாரோ அதைப் படித்துவிட்டு, குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் சிவராஜ் வீட்டு வாசலில் ஜீப் நின்றது. வந்த குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் ராமராஜன் திண்டிவனம் பக்கத்துக்காரர். கூட கமலவேணியும் கலைவாணியும் நின்றார்கள். தெரு முழுக்கத் தறிகள் நின்றுபோய், ஆட்கள் வெளியே வந்திருந்தார்கள்.

"நான் அடிக்கிறது பண்ணைய சார். புள்ளைய இல்ல" என்றார் சிவராஜ்.

"பண்ணைன்னா? கோழிப்பண்ணையா?"

தெருவே சிரித்தது. "ஆமா சார், முட்ட கூட போடும்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

சிவராஜ் அலுவலரை உள்ளே கூட்டிப்போய்த் தறியில் உட்கார்ந்து நாலு இழை போட்டு, பண்ணையை அடித்துக் காட்டினார். சுகாசினி அழுதுகொண்டே, "நான் பண்ணைன்னுதான் சார் சொன்னேன். அதுதான் கூமுட்ட மாதிரி எழுதிட்டிருக்குது" என்று கலைவாணி கையிலிருந்த டேப்லெட்டைக் காட்டினாள். ராமராஜனும் சிரித்துவிட்டார். 'தவறான தகவல், இயந்திரப் பிழை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

சிவராஜ் சிரிக்கவில்லை. கலைவாணியைப் பார்த்து, "எம்பொண்ணு மேல ஒரு நாள் கை வெச்சதில்லம்மா நான். அடுத்த வாரம் கோயில்ல எங்க மண்டகப்படி. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போய் நிக்கிறது? தறிவீட்டுப் பொண்ணுதான நீயும்? போடறதுக்கு முன்ன ஒரு தபா படிக்கத் தெரியாது?" என்றார்.

அவள் தறிவீட்டுப் பெண்தான்.

பள்ளிக்குத் திரும்பியதும் கமலவேணி கதவைச் சாத்தினார். "இன்னொரு வாட்டி இந்த ஸ்கூல் பேரச் சொல்லிக்கினு ஜீப்பு வந்துதுன்னா, ப்ளாகும் இருக்காது, நீயும் இருக்க மாட்ட. புரியுதா?"

புரிந்தது. அதன்பின் ஒவ்வொரு வரியையும் படித்தாள். அதே பிழை ஒரு வாரத்தில் ஆறு பிள்ளைகளின் பேச்சில் வந்தது. 'என்னைய அடி' என்று கண்ணில் பட்டதும் விரல் தானாகப் போய் 'பண்ணைய' என்று திருத்தியது. நாலாவது முறைக்குப் பிறகு அவள் யோசிப்பதையும் விட்டுவிட்டாள்.

அபியின் முறை கடைசியாக வந்தது. ஒரு வியாழக்கிழமை. மறுநாள் மேலதிகாரி ஒருவர் வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. முப்பத்தொன்றும் ஏறியிருக்க வேண்டும் என்று கமலவேணி சொல்லியிருந்தார். வராந்தாவில் கலைவாணி டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, அபி பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள். முதல் வரி முடியும் முன்பே குழாயடியில் இரண்டு பையன்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கலைவாணி டேப்லெட்டை அபியின் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். அவர்களைப் பிரித்துவிட்டு வந்தபோது அபி பேசி முடித்திருந்தாள். திரையில் இப்படி இருந்தது:

"சாயந்தரம் அப்பா வந்ததும் டிவி சத்தமா வெப்பாரு. அப்புறம் என்னைய அடிப்பாரு. அடிச்சா காதுல ஙொய்னு கேக்கும். அம்மா ஒண்ணும் பேசாது. அப்பாவுக்குக் கை வலிச்சா நிறுத்துவாரு. இதான் எங்க வீட்டு சத்தம்."

விரல் போய்விட்டது. 'பண்ணைய அடிப்பாரு.'

திருத்திய பிறகு ஒரு இடத்தில் கண் நின்றது. அப்பா வந்ததும். வீட்டில் தறி வைத்திருப்பவர் எங்கிருந்து வருவார்? பட்டு நூல் வாங்கக் கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். மற்றதெல்லாம் பொருந்தியது. தறிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று டிவியைச் சத்தமாக வைக்காத வீடு அந்தத் தெருவில் கிடையாது. நாளெல்லாம் பண்ணை அடித்தால் கை வலிக்கும். காது ஙொய் என்றுதான் இருக்கும். அவளுடைய அப்பாவுக்கும் அப்படித்தான்.

"படிச்சுப் பாரு. சரியா இருக்குதா?"

அபி எழுத்துக்கூட்டிப் படித்தாள். இரண்டாவது வரியில் நிறுத்தினாள்.

"மிஸ்..."

"இன்னாம்மா?"

அபி திரையைப் பார்த்தாள். பிறகு கலைவாணியைப் பார்த்தாள். கலைவாணி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்ல மிஸ்."

மறுநாள் வந்த அதிகாரிக்குக் கண்ணாடி போட்ட பெரிய முகம். டேப்லெட்டைக் கையில் வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். அபியுடையதைச் சத்தமாகப் படித்தார். "ஙொய்னு கேக்கும்! பாருங்க, பெரிய எழுத்தாளருக்கு வராத சொல்லு. யாருப்பா அபி? எழுந்திரு." எல்லோரும் கை தட்டினார்கள். அபி எழுந்து நின்றாள், உட்காரச் சொல்லும்வரை நின்றாள். கமலவேணி முதல்முறையாகக் கலைவாணியின் தோளைத் தட்டினார். அன்று சாயந்திரமே வலைப்பூவின் இணைப்பைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

திங்கட்கிழமை அபி வரவில்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை பள்ளி விட்டதும் கலைவாணி விலாசத்தைப் பார்த்துக்கொண்டு போனாள். கீழ்வீட்டில் இரண்டு தறி ஓடிக்கொண்டிருந்தது. அபியின் வீடு மாடியில், வெளிப்படியேறிப் போக வேண்டும்.

கதவு திறந்திருந்தது. கலைவாணி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஒரே அறை. ஒரு கட்டில், ஃப்ரிட்ஜ், சுவரில் பெரிய டிவி, பீரோ, துணி காயும் கயிறு. தறி இல்லை. தறி வைக்க இடமும் இல்லை. அந்த மாடித் தளம் தறியைத் தாங்காது. இந்த ஊரில் பிறந்தவள் அவள். மாடியில் யாரும் தறி போட மாட்டார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"வாங்க மிஸ், வாங்க. புவனா, சேர எடு."

அபியின் அப்பா லோகேஷ். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. சீருடைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மரியாதையாகப் பேசினான். அவன் மனைவி புவனேஸ்வரி நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு அடுப்புப் பக்கம் போய் நின்றுகொண்டாள். அபி கட்டிலில் சுவர் பக்கம் உட்கார்ந்திருந்தாள். இடது காதில் பஞ்சு.

"பாத்ரூம்ல வழுக்கிட்டா மிஸ்" என்றாள் புவனேஸ்வரி. யாரும் கேட்கவில்லை.

"ப்ளாகு படிச்சேன் மிஸ்" என்றான் லோகேஷ். "கம்பெனி பஸ்ல வரசொல்ல படிச்சேன். நல்லாதான் இருந்துது. ஒரே ஒரு டவுட்டு. பண்ணைனு போட்டிருந்துது. நான் அரக்கோணத்துக்காரன், எனக்கு இந்த நெசவு சமாச்சாரம்லாம் தெரியாது. கீழ்வீட்டு அண்ணனக் கேட்டேன். அவரு தறியக் காட்டி இதான்பா பண்ணைன்னாரு. நம்ம வீட்ல அது ஏது? அப்ப பாப்பா இன்னா சொல்லியிருக்கும்? பாப்பாவையே கேட்டேன்."

கலைவாணி அபியைப் பார்த்தாள். அபி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிவி ஓடவில்லை.

"ரொம்ப நேரம் சொல்லவே இல்ல" என்றான் லோகேஷ். "அப்புறம் சொல்லுச்சு. டீ குடிக்கிறீங்களா மிஸ்?"

கலைவாணி எழுந்தாள். அவளுக்குக் கணக்கு தெளிவாகத் தெரிந்தது. அவள் திருத்தாமல் விட்டிருந்தால் ஜீப் வந்திருக்கும். திருத்தியதால் ஜீப் வரவில்லை. ஆனால் தறி இல்லாத வீட்டில் பண்ணை என்று ஒரு சொல்லைக் கொண்டுபோய்ப் போட்டு, பிள்ளை வெளியே சொல்லிவிட்டாள் என்று அவனுக்கு மட்டும் தெரியும்படி செய்திருந்தாள். உலகத்தில் வேறு ஒருத்தருக்கும் தெரியாமல், அவனுக்கு மட்டும்.

கமலவேணி வீட்டுக்குப் போனாள். கமலவேணி முழுவதையும் கேட்டார். பிறகு, "அவுங்க அம்மாவே வழுந்துட்டான்னு சொல்லிச்சுல்ல? உனக்கு இன்னா வந்துது?" என்றார்.

"எழுதுனதை நான்தான் மேடம் மாத்துனேன்."

"அத யாருகிட்டயும் சொல்லாத. தப்பு ஸ்கூலு மேல வரும்."

கலைவாணி தெருவுக்கு வந்து, நின்ற இடத்திலேயே உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். அவர்கள் ராமராஜனுக்குத் தொடர்பு கொடுத்தார்கள். அவர் குரலில் சிரிப்பு இருந்தது.

"யாரு, அந்தப் பள்ளிக்கூடமா? மறுபடியும் பண்ணையா மேடம்?"

"இல்ல சார். அந்தப் புள்ளை என்னையன்னுதான் சொல்லிச்சு. நான் பண்ணைனு ஆக்கிட்டேன். அவுங்க வீட்ல தறியே இல்ல."

சிரிப்பு நின்றது. "புள்ள சொன்னத நீங்க கேட்டீங்களா? உங்க காதால?"

"இல்ல சார். எழுத்துலதான் பாத்தேன்."

"அந்த எழுத்து இருக்குதா?"

"அது மேலயே மாத்திட்டேன். பழசு இல்ல."

"சரி, நாளைக்குப் பதினோரு மணிக்கு ஆபீஸுக்கு வரச்சொல்றேன். நீங்களும் வாங்க."

வியாழக்கிழமை லோகேஷ் மனைவியையும் மகளையும் பைக்கில் கூட்டிவந்தான். அபிக்குத் தலைவாரி, பூ வைத்து, நல்ல பாவாடை கட்டியிருந்தார்கள். லோகேஷ் போனை நீட்டினான். "பாருங்க சார். மிஸ்ஸே போட்டது. பெரிய ஆபீசரே படிச்சுப் பாராட்டிட்டுப் போயிருக்காரு. இப்ப வேற கத சொல்றாங்க."

"உங்க வீட்ல தறி இல்லையாமே?"

"கீழ்வீட்டுச் சத்தம் சார். புள்ளைக்கு மேலு கீழு தெரியுமா?"

ராமராஜன் அவனை வெளியே போகச் சொன்னார். புவனேஸ்வரியையும் அனுப்பினார். ஒரு பெண் ஆலோசகர் அபியை உள்ளறைக்குக் கூட்டிப்போனார். கலைவாணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எதிரே லோகேஷ் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். புவனேஸ்வரி சேலை முந்தானையை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். ஒருமுறை நிமிர்ந்து கலைவாணியைப் பார்த்தாள். அதில் கோபம்தான் இருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து ஆலோசகர் வெளியே வந்தார். "ஒரு வார்த்தை வாயத் திறக்கல. உங்க ஸ்டூடன்ட்தான, நீங்க வந்து கேட்டுப் பாருங்க."

உள்ளே மேஜை மேல் வண்ணப் பென்சில்கள், ஒரு கரடிப் பொம்மை, எழுதாத ஒரு தாள். அபி எதையும் தொடவில்லை. கலைவாணி அவளுடைய வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தாள்.

"அபி, அன்னிக்கு டேப்லெட்ல நீ இன்னா சொன்ன? அத இவுங்ககிட்ட சொல்லும்மா. நான் இங்கதான் இருக்கேன். யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

அபி அவளைப் பார்த்தாள். அழவில்லை. பள்ளியில் கணக்குத் தெரியாதபோது பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள்.

"பண்ணை மிஸ்."

"இல்லம்மா. அது நான் போட்டது. நீ சொன்னது..."

"நீங்க போட்டதுதான் மிஸ் சரி."

"அபி, அது தப்பு. மிஸ் தப்பு பண்ணிட்டேன்."

அபி தாளை அவள் பக்கம் தள்ளினாள். "அப்ப நீங்களே வேற எழுதிக்கோங்க மிஸ்."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. கலைவாணி இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை ஆலோசகர் போதும் என்று கை காட்டினார்.

கலைவாணி அந்தத் தாளிலேயே எழுதினாள். பிள்ளையின் வரிகளை நினைவிலிருந்து எழுதினாள், எந்தச் சொல்லை எந்தச் சொல்லாக மாற்றினாள் என்று எழுதினாள், பிள்ளை நிறுத்திப் பார்த்ததையும் தான் கடிகாரத்தைப் பார்த்ததையும் எழுதினாள். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டாள். ராமராஜன் இரண்டு முறை படித்தார்.

"இது உங்க வாக்குமூலம் மேடம். புள்ளையோடது இல்ல."

"காதப் பாருங்க சார்."

"பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். காது டாக்டரு செவ்வாய்க்கிழமைதான் வருவாரு. அறைஞ்சதுன்னு அவரு எழுதிட்டாருன்னா மேல போலாம். குழந்தைங்க நலக் கமிட்டிக்கும் அனுப்புறேன். அதுவரைக்கும் அம்மா கூடத்தான் இருக்கணும். அம்மா மேல கம்ப்ளெயின்ட் இல்லியே."

"சார், இன்னிக்கு வியாழன்."

"தெரியுது மேடம்." அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. தாளைக் கோப்பில் வைத்தார். சிவராஜ் வீட்டில் எழுதிய தாள் ஏற்கெனவே அதே கோப்பில் இருந்தது. "நீங்க போன தடவையே ஒழுங்கா படிச்சிருந்தா, இந்தத் தடவ மாத்தியிருக்க மாட்டீங்க. இல்ல?"

அவர் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கலைவாணிக்கும் தெரியவில்லை.

அவள் வெளியே வந்தபோது லோகேஷ் பைக்கைத் திருப்பிக்கொண்டிருந்தான். புவனேஸ்வரி பின்னால் ஏறினாள். கலைவாணி படியிலேயே நின்றாள். அபி தன்னைக் கடந்து போகும்போது "அபி" என்று கூப்பிட்டாள். இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டதால் அபி திரும்பவில்லை. திரும்ப விரும்பாமலும் இருந்திருக்கலாம்.

லோகேஷ் அபியின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். அவள் உடம்பை விறைத்துக்கொண்டாள். முன்னால் பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்தான், பாவாடை சக்கரத்தில் மாட்டாமல் இழுத்துச் செருகினான். இரண்டு பக்கமும் அவன் கைகள் ஹேண்டில்பாரைப் பிடித்தன. மூன்று பேரும் போனார்கள்.